240இசட்டில் ஆட்டோ கியரும் ஏர்கோனும்: முதலில் சூட்டுக் கணக்கு

கேள்வி: என்னிடம் 1972-ஆம் ஆண்டு டாட்சன் 240இசட் இருக்கிறது. வலப்பக்க ஸ்டியரிங், எல்24 என்ஜின், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், ஐந்து கியர், டிஃப் (பின்சக்கரங்களைச் சுற்றும் டிஃபரென்ஷியல்) விகிதம் 3.9. என்ஜினைப் பிரித்துக் கட்டி இரண்டு வருடம்தான் ஆகிறது. இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு ஜாமில் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. மகள் ஓட்டலாம் என்றால் அவளுக்கு இருப்பது ஆட்டோ மட்டும் ஓட்டும் டிஏ லைசென்ஸ். ஏர்கோன் இந்த வண்டியில் எப்போதுமே கிடையாது. ஒரு பட்டறையில், "ஹாஃப்-கட் என்ஜினையே போட்டுவிடுங்கள், ஆட்டோ கியரும் ஏர்கோனும் கூடவே வந்துவிடும்" என்கிறார்கள். இன்னொரு போமன் (மெக்கானிக்), "இப்போதைக்கு ஏர்கோன் மட்டும் போடலாம், கியரை அடுத்த வருடம் பார்க்கலாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: வணக்கம் ஐயா. இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம்.

ஹாஃப்-கட், அதாவது வெளிநாட்டிலிருந்து பாதியாக வெட்டிக் கொண்டுவந்த பழைய காரின் என்ஜின், கேட்க எளிதாக இருக்கும். ஆனால் என்ஜின் மாறினால் கிரானில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) உள்ள என்ஜின் எண் மாறும். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை), புஸ்பாகோம் (வண்டிச் சோதனை நிலையம்) என்று அலைய வேண்டும். இன்ஜெக்ஷனுக்கான பெட்ரோல் பம்ப், பெட்ரோல் டேங்கில் திரும்பும் குழாய், கம்ப்யூட்டர், அதன் வயரிங், என்ஜின் தாங்கி, எக்ஸாஸ்ட் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். இரண்டு வருடம் முன்பு கட்டிய எல்24 ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடக்கும். தேவையே இல்லை. 240இசட்டுக்குத் தொழிற்சாலையே மூன்று வேக ஆட்டோ கியர் கொடுத்திருக்கிறது. ஜாட்கோவின் 3என்71பி என்பது அதன் பெயர். எல்-வரிசை ஆறு சிலிண்டர் என்ஜினின் முதுகில் அது அப்படியே போல்டில் உட்காரும்.

"ஏர்கோன் இப்போது, கியர் பிறகு" என்பதில் வேறு சிக்கல். இரண்டுமே ஒரே ரெடியேட்டரின் மேல் சூட்டை ஏற்றுகின்றன. இரண்டுமே ஐட்லில் என்ஜினை இழுத்துப் பிடிக்கின்றன. தனித்தனியாகச் செய்தால் ரெடியேட்டர், விசிறி, ஐட்ல் அமைப்பு மூன்றையும் இரண்டு முறை வாங்குவீர்கள். இதை ஒரே வேலையாக எடுங்கள். அதிலும் கியர்பாக்ஸையோ கம்ப்ரசரையோ தொடுவதற்கு முன் வண்டியை அதற்குத் தயார் செய்யுங்கள்.

கணக்கைப் பாருங்கள். வீட்டில் மாட்டும் ஒன்றரைக் குதிரைசக்தி ஏர்கோன் சுமார் 12,000 பிடியூ, அதாவது 3.5 கிலோவாட் சூட்டை வெளியேற்றுகிறது. பினாங்கு வெயிலில் ஒரு சிறு காருக்கும் ஏறத்தாழ அவ்வளவு வேண்டும். கம்ப்ரசர் உழைக்கும் சூடும் சேர்ந்து 5 கிலோவாட்டுக்கு மேல் கண்டென்சரில் (ரெடியேட்டருக்கு முன்னால் நின்று ஏர்கோன் சூட்டை வெளியே விடும் பகுதி) கொட்டும். அந்தச் சூடான காற்றுதான் அடுத்து ரெடியேட்டருக்குள் நுழைகிறது. இதோடு, கிளட்சுக்குப் பதில் என்ஜினையும் ஆட்டோ கியரையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கும் ஒவ்வொரு நொடியும் எண்ணெய் சூடாகிறது. அந்த எண்ணெயும் ரெடியேட்டரின் கீழ்த் தொட்டியில்தான் ஆறுகிறது. பினாங்குப் பாலத்துக்கு முன் ஜாமில் ஊர்ந்து போகும்போது இந்த மூன்று சூடும் ஒன்றாகச் சேரும். காற்றோட்டமும் அப்போதுதான் மிகக் குறைவு. 1972-இல் செய்த ரெடியேட்டர் இதைத் தாங்காது.

ஆகவே முதல் வேலை முன்பக்கம். மூன்று வரிசைச் செம்பு ரெடியேட்டர் அல்லது 40 முதல் 50 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியம், எது கிடைக்கிறதோ அது. கீழ்த் தொட்டியில் ஏடிஎஃப் (ஆட்டோ கியர் எண்ணெய்) கூலர் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மேனுவல் வண்டி ரெடியேட்டரில் அது இருக்காது. என்ஜினோடு சுற்றும் பழைய விசிறியை நம்ப முடியாது. டி-யில் போட்டு பிரேக் பிடித்து நிற்கும்போது என்ஜின் 650 சுற்றுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் விசிறி பேருக்குத்தான் சுற்றும். ரெடியேட்டரின் பின்பக்கம் முழுவதையும் சுற்றி அடைக்கும் மூடியோடு (ஷ்ரௌட்) 12 அங்குல மின்விசிறி இரண்டு வைத்துக் காற்றை இழுக்க விடுங்கள். மூடி இல்லாத விசிறி தன் வட்டத்துக்கு நேரே மட்டும் இழுக்கும். நான்கு மூலையும் சும்மா கிடக்கும். விசிறியை ரெடியேட்டர் மடிப்புகளுக்குள் பிளாஸ்டிக் ஊசி குத்திக் கட்டும் வழக்கம் இங்கே உண்டு. அனுமதிக்காதீர்கள். அதிர்வில் அந்த ஊசி குழாயைத் தேய்த்து ஆறு மாதத்தில் ஓட்டையாக்கும்.

கண்டென்சர் பேரலல் ஃப்ளோ வகையாக இருக்க வேண்டும். பழைய பாம்புக்குழாய் வகை ஆர்12 கேஸுக்கு ஓரளவு போதும், ஆர்134ஏ-வுக்குப் போதாது. முன் துவாரத்தில் எவ்வளவு பெரியது நுழையுமோ அவ்வளவு பெரியது போடுங்கள். ரெடியேட்டருக்கும் அதற்கும் இடையே 10 முதல் 20 மில்லிமீட்டர் விடுங்கள். நான்கு ஓரமும் ஃபோம் பட்டை ஒட்டி அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் விசிறி என்ஜின் பக்கத்துச் சூடான காற்றையே ஓரமாகச் சுற்றி இழுக்கும். பல வண்டிகளில் "கேஸ் பத்தவில்லை" என்று மறுபடி மறுபடி கேஸ் ஏற்றுவார்கள். உண்மையில் விட்டுப்போனது இருபது வெள்ளி ஃபோம்.

அடுத்தது கரண்ட். இரவில், மழையில், ஏர்கோனோடு போகும்போது என்ன செலவாகிறது என்று கூட்டுங்கள்: ஹெட்லைட்டும் பக்க விளக்கும் 12 ஆம்பியர், புளோவர் 10, கம்ப்ரசர் கிளட்ச் 4, இரண்டு விசிறி 20, வைப்பர் 4, இக்னிஷன் 4. மொத்தம் 54. உங்கள் பழைய ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் சுற்றினாலும் 45, 50 ஆம்பியர்தான் தரும். ஐட்லில் அதில் பாதிகூட வராது. உள்ளேயே ரெகுலேட்டர் உள்ள 70 முதல் 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள். 280இசட்எக்ஸின் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை மாட்டுவது உலகம் முழுக்க நடக்கும் வழக்கம், ஆனால் உங்கள் கணக்குக்கு அது கொஞ்சம் குறைவு. இப்படி மாற்றும்போது வெளியே இருக்கும் பழைய ரெகுலேட்டர் கழற்றப்படும். அதன் பிளக்கில் ஜம்பர் போடும்போது ஒரு டயோடும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் ஆல்டர்னேட்டரிலிருந்து திரும்பி வரும் கரண்ட் இக்னிஷனை அணைய விடாது.

இதைவிட முக்கியமான ஒன்று டேஷ்போர்டில் இருக்கிறது. 240இசட்டில் இருப்பது அம்மீட்டர். சார்ஜ் கரண்ட் அதன் முதுகு வழியாகவே போய் வருகிறது. அதன் அளவே 45 ஆம்பியர் வரைதான். 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைப் போட்டு அந்த வயரை அப்படியே விட்டால், ஐம்பது வருடத்துப் பிளக்கும் வயரும் டேஷுக்குப் பின்னால் உருகும். அம்மீட்டரைத் தாண்டி ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராக 16 சதுர மில்லிமீட்டர் கேபிள் ஒன்று, அதில் பேட்டரிக்குப் பக்கத்தில் 100 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். அந்த மீட்டருக்குப் பதில் அதே முகத்தோடு வோல்ட்மீட்டர் வைக்கலாம். ஏர்கோன், விசிறி, ஹெட்லைட் மூன்றுக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ் பெட்டி. பழைய வயரிங் கட்டில் ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டாம்.

இனி கியர்பாக்ஸ். இங்கேதான் உங்கள் 3.9 டிஃப் தலையிடுகிறது. 3என்71பி-யின் விகிதங்கள் 2.458, 1.458, 1.000. மேலே ஓவர்டிரைவ் (என்ஜின் சுற்றைக் குறைக்கும் உயர் கியர்) கிடையாது. 195/70ஆர்14 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.95 மீட்டர் ஓடும். பிளஸ் நெடுஞ்சாலையில் 110-இல் போனால் சக்கரம் நிமிடத்துக்கு 940 சுற்று. அதை 3.9-ஆல் பெருக்கினால் 3,670. கன்வெர்ட்டர் வழுக்கலையும் சேர்த்தால் 3,900-ஐத் தொடும். ஈப்போ போய்ச் சேருவதற்குள் காது அடைத்துவிடும், கியர் எண்ணெயும் வெந்துவிடும். டிஃப்பை 3.364-க்கு மாற்றினால் அதே வேகத்தில் 3,160, வழுக்கலோடு 3,350 அளவில் நிற்கும். நிம்மதியாக ஓட்டலாம்.

ஆனால் டிஃப் மாற்றினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். கேபிளைச் சுற்றும் சிறு பற்சக்கரம் கியர்பாக்ஸின் வாலில் இருக்கிறது, டிஃப்பின் விகிதத்துக்கு ஏற்ற பல் எண்ணிக்கையோடு. அதை மாற்றாமல் விட்டால் மீட்டர் குறைத்துக் காட்டும். முள் 80-இல் நிற்கும், வண்டி 93-இல் ஓடும். பினாங்குப் பாலத்தில் வேக வரம்பு 80 என்பது உங்களுக்கே தெரியும், கேமரா உங்கள் முள்ளைப் பார்ப்பதில்லை.

இதற்கு இன்னொரு வழி, அதே குடும்பத்தின் நான்கு வேகப் பெட்டியான 4என்71பி. முதல் மூன்று விகிதமும் அதேதான், நான்காவது 0.686. 3.9 டிஃப்பைத் தொடாமலே 110-இல் சுமார் 2,500 சுற்று. லாக்-அப் (கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் அமைப்பு) உள்ளதானால் மேல் கியரில் வழுக்கலும் இல்லை, எண்ணெய்ச் சூடும் குறைவு. 3.9 இருப்பதால் ஏர்கோன் ஓடும்போதும் சிக்னலிலிருந்து வண்டி திணறாமல் கிளம்பும். எல்-வரிசை ஆறு சிலிண்டரோடு வந்த முழுப் பெட்டி கிடைத்தால் இதையே எடுங்கள். என் முதல் தேர்வு இதுதான். ஒரு எச்சரிக்கை: லாக்-அப்பை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இயக்கும் வகை என்றால் அந்தப் பெட்டியும் சென்சார்களும் கூடவே வர வேண்டும். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, ஓவர்டிரைவ் பகுதி சேர்வதால் நீளம் மாறும். பணம் கொடுக்கும் முன் பெல் ஹவுசிங் (என்ஜினோடு சேரும் முன் கூடு) முகத்திலிருந்து பின் தாங்கி வரை எவ்வளவு, வால் முனை வரை எவ்வளவு என்று இரண்டு அளவையும் எடுத்து, வண்டிக்கு அடியில் படுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான்கு சிலிண்டர் டாட்சனின் பெட்டியும் போல்ட் துளைக்குச் சரியாக வரும். மலிவாகவும் கிடைக்கும். வேண்டாம். உள்ளே கிளட்ச் தட்டுகளும் எண்ணெய் அழுத்த அமைப்பும் சின்ன என்ஜினுக்கானவை. எல்24 அதைக் கருக்கிவிடும்.

கடையில் பெட்டியைப் பார்க்கும்போது எண்ணெய்க் குச்சியை முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை வந்தால் திரும்பி நடங்கள். அடித்தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தட்டின் அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய குழைவு இருந்தால் அது வயதுக்கான தேய்மானம். பளபளக்கும் சில்லோ, கறுப்புத் துகளோ விரலில் உறுத்தினால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. நல்ல பெட்டியாகவே இருந்தாலும் நாற்பது வருட ரப்பர் கல்லாகியிருக்கும். முன் பம்ப் சீல், பின் சீல், ஓ-ரிங்குகள், ஸ்ட்ரெய்னர் எல்லாவற்றையும் மாற்றிய பிறகே வண்டியில் ஏற்றுங்கள். மேலே ஏற்றிய பிறகு சீல் ஒழுகினால் முழுவதையும் மறுபடி இறக்க வேண்டும்.

பெட்டியோடு சேர்த்து வாங்க வேண்டியவை பல. டார்க் கன்வெர்ட்டர், ஃப்ளைவீலுக்குப் பதில் வரும் டிரைவ் பிளேட், அதற்கான குட்டை போல்ட்டுகள், என்ஜினுக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள தகடு, ஆட்டோவுக்கான ஸ்டார்ட்டர், கியர் லிவரும் அதன் இணைப்புத் தண்டும், இன்ஹிபிட்டர் சுவிட்ச், வேக்குவம் மாடுலேட்டர், கிக்-டவுன் சுவிட்ச், எண்ணெய்க் குச்சியும் அதன் குழாயும். மேனுவல் வண்டியின் ஃப்ளைவீல் போல்ட்டை டிரைவ் பிளேட்டில் போட்டால் நீளம் பொருந்தாது. பழைய ஸ்டார்ட்டரும் ஆட்டோ ஹவுசிங்கில் சரியாகக் கடிக்காது. "பிறகு தேடிக்கொள்ளலாம்" என்று விட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் போகும்.

பொருத்தும்போது அதிகம் கெடுவது இரண்டு இடம். ஒன்று, கிராங்க் முனையில் உள்ள பைலட் புஷ். மேனுவல் பெட்டியின் தண்டுக்கு அது தேவை. ஆட்டோவுக்கு அதைப் பிடுங்கி எடுத்துவிட்டு, கன்வெர்ட்டரின் மூக்கைத் தாங்கும் வளையத்தைப் பொருத்த வேண்டும். மறந்து போல்ட் முடுக்கினால் கன்வெர்ட்டர் கோணலாக உட்கார்ந்து முன் பம்பை உடைக்கும்.

இரண்டு, கன்வெர்ட்டரைப் பெட்டிக்குள் உட்கார வைப்பது. கொஞ்சம் ஏடிஎஃப் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்து, உள்ளே தள்ளிக்கொண்டே மெல்லச் சுழற்ற வேண்டும். ஒரு தடவை அல்ல, படிப்படியாக "தடக்" என்று உள்ளே இறங்கும். உள் தண்டின் பல், நிலைத் தண்டின் பல், கடைசியாகப் பம்பின் பள்ளம். கடைசி இறக்கம் வராமலே போமன் போல்ட்டை முடுக்க ஆரம்பித்தால் பம்ப் பிளந்துவிடும். சரி பார்க்க எளிய வழி உண்டு: பெல் ஹவுசிங்கை என்ஜினோடு முழுவதும் முடுக்கிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் தளர்வாகச் சுற்ற வேண்டும். டிரைவ் பிளேட்டுக்கு வர அது 3 முதல் 5 மில்லிமீட்டர் முன்னால் நகர வேண்டும். நகர இடமே இல்லை என்றால் நிறுத்துங்கள், அது உட்காரவில்லை.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளம் மாறும். உங்கள் வண்டியில் டிஃப் பாடியோடு நிலையாக இருப்பதால் ஷாஃப்ட் அதிகம் முன்பின் ஆடாது. இருந்தாலும் வழுக்கு முனையை முழுவதும் உள்ளே தள்ளி, 20 மில்லிமீட்டர் வெளியே இழுத்த நிலையில் அளவெடுத்து வெட்டுங்கள். வெட்டி ஒட்டிய பிறகு பேலன்ஸ் செய்யாமல் மாட்டினால் 90-க்கு மேல் தரை நடுங்கும்.

வேக்குவம் மாடுலேட்டர் சிறிய வட்டப் பெட்டி. இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு குழாய் அதற்கு வரும். என்ஜின் எவ்வளவு உழைக்கிறது என்று கியர்பாக்ஸுக்குச் சொல்வது அதுதான். குழாயை இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் பேலன்ஸ் குழாயிலிருந்து எடுங்கள், கார்புரேட்டர் வாயிலிருந்து அல்ல. ரப்பர் வெடித்து வேக்குவம் கசிந்தால் பெட்டி எப்போதும் "முழு மிதி" என்று எண்ணிக்கொள்ளும். கியர் தாமதமாக, குத்துவது போல் மாறும். உள்ளே உள்ள படலமே கிழிந்தால் ஏடிஎஃப்பை என்ஜின் உறிஞ்சிக் குடிக்கும். பின்னால் வெள்ளைப் புகை வரும், எண்ணெய் குறையும், ஆனால் தரையில் ஒரு சொட்டு ஒழுகல் இருக்காது. அப்போது என்ஜின் ரிங் போய்விட்டது என்று யாராவது பயமுறுத்தினால், முதலில் அந்தக் குழாயைக் கழற்றி உள்ளே விரல் வையுங்கள். சிவப்பாக ஈரம் இருந்தால் பழுது மாடுலேட்டரில்தான். அதன் நடுத் தடி அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பல நீளங்களில் வரும். கியர் மாறும் கடுமையைக் கடைசியில் அதை வைத்துத்தான் சரிக்கட்டுவார்கள்.

3என்71பி-க்கு முழு எண்ணெய் கன்வெர்ட்டரோடு 5.5 லிட்டர், டெக்ஸ்ரான் வகை. முதலில் 4 லிட்டர் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி லிவரை எல்லா நிலைக்கும் ஒரு சுற்று கொண்டுபோய், பிறகு மீதியைச் சேர்க்க வேண்டும். அளவு பார்ப்பது சூடான என்ஜின் ஓடும்போது, பி-யில். அதிகமாக ஊற்றுவது குறைவாக ஊற்றுவதைப் போலவே கெடுதல். எண்ணெய் நுரைத்து அழுத்தம் போய்விடும். ரெடியேட்டர் கூலருக்குப் பிறகு தொடராக இன்னொரு சிறு கூலரும் வையுங்கள். ஆனால் கண்டென்சருக்கு முன்னால் அல்ல, பக்கவாட்டில் தனிக் காற்று படும் இடத்தில். எண்ணெய் 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் நீண்ட நாள் உழைக்கும், 120-ஐத் தாண்டினால் வெகு சீக்கிரம் கருகும்.

இன்ஹிபிட்டர் சுவிட்சை "பிறகு" என்று விட்டுவிடும் பட்டறைகள் உண்டு. பி-யிலும் என்-னிலும் மட்டும் ஸ்டார்ட் ஆக வேண்டும். மகளும் ஓட்டப்போகும் வண்டி, இதில் பேரம் வேண்டாம். மலையிறக்கத்தில் மேனுவல் கொடுத்த அளவு என்ஜின் பிரேக் ஆட்டோவில் கிடைக்காது. ஜாலான் துன் சார்டோனில் பாலிக் புலாவ் பக்கம் இறங்கும்போது லிவரை 2-இல் போட்டுவிடுங்கள், இரண்டாம் கியரிலேயே பிடித்து நிற்கும். அதை மகளிடமும் சொல்லிக் கொடுங்கள்.

ஏர்கோனுக்கு வருவோம். கம்ப்ரசருக்கு 138 சிசி சாண்டென் போதும். பெரியது போட்டால் குளிர் கூடாது, ஐட்ல்தான் விழும். தாங்கி என்ஜின் ப்ளாக்கில் உள்ள போல்ட் துளைகளில் பிடிக்க வேண்டும், 10 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில். 4 மில்லிமீட்டர் தகடு முதல் மாதம் சத்தமின்றி இருக்கும், பிறகு வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். புல்லிகள் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒரு நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தால் விலகல் 1.5 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். பெல்ட் ஓரம் தேய்ந்து கறுப்புப் பொடி விழுந்தால் கோடு தவறு. கிராங்க் புல்லியில் கூடுதல் பள்ளம் வேண்டும். உங்களுடையது ஒற்றைப் பள்ளமானால் இரட்டைப் பள்ளப் புல்லி தேடுங்கள். ஆல்டர்னேட்டர் பெல்ட்டின் மேல் கம்ப்ரசரையும் சுமத்தாதீர்கள்.

கூலிங் காயில் பெட்டி டேஷுக்குக் கீழே பயணி பக்கம் வரும். உள்ளே வரும் வெந்நீர்க் குழாயில் ஒரு மூடு வால்வு போடுங்கள். ஹீட்டருக்குள் வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தால் எவ்வளவு குளிர் உண்டாக்கினாலும் பக்கத்திலேயே அடுப்பு எரியும். நீர் வடியும் குழாய் சரிவாக, வெளியே கார்ப்பெட்டைத் தாண்டிப் போக வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் தண்ணீர் சொட்டுவதில்லை, ஓடுகிறது. தெர்மோஸ்டாட்டின் ஊசி காயில் மடிப்புக்குள் ஆழமாக இருக்க வேண்டும், 1 முதல் 3 டிகிரியில் கம்ப்ரசரை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் காயில் ஐஸ் கட்டும். அரை மணி நேரம் ஜில்லென்று வந்து, பிறகு காற்றே வராமல் போனால் அதற்குப் பெயர் கேஸ் குறைவு அல்ல, ஐஸ்.

குழாய் வேலையில் பேரியர் ஹோஸ், பச்சை ஓ-ரிங், உயர் தாழ் அழுத்தம் இரண்டிலும் நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் மூன்றும் கட்டாயம். டிரையரின் (கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குப்பி) மூடியைக் கடைசியாகத்தான் திறக்க வேண்டும். காலையில் திறந்து வைத்துவிட்டு மதியம் மாட்டினால், உள்ளே இருக்கும் உறிஞ்சி பினாங்குக் காற்றின் ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். கம்ப்ரசர் எண்ணெயின் அளவு அதன் மேல் ஒட்டியுள்ள தகட்டில் இருக்கும், அதையே ஊற்றுங்கள். வேக்குவம் குறைந்தது 45 நிமிடம் இழுக்கட்டும். பிறகு பம்பை மூடி 20 நிமிடம் பாருங்கள். முள் அசைந்தால் கசிவு. கேஸ் ஏற்றுவதைத் தராசில் வைத்து எடையாகச் செய்யச் சொல்லுங்கள். இப்படிச் சேர்த்துக் கட்டிய அமைப்பு 600 முதல் 750 கிராமுக்குள் நிறையும். 500-இல் நிறுத்தி, பிறகு 50, 50 கிராமாக ஏற்ற வேண்டும். 33 டிகிரி வெயிலில் தாழ்பக்கம் 2 முதல் 2.5 பார், உயர்பக்கம் 14 முதல் 17 பார், குளிர்காற்று வெளிவரும் துவாரத்தில் 8 முதல் 12 டிகிரி வந்தால் நிறுத்திவிடலாம். உயர்பக்கம் 20-ஐத் தாண்டினால் கேஸைத் தொடாமல் கண்டென்சர் முன்னால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உடனே இறங்கினால் குறை காற்றோட்டத்தில்.

கார்புரேட்டர் வண்டிக்குக் கம்ப்யூட்டர் கிடையாது, ஐட்லை யாரும் தூக்கிப் பிடிக்க மாட்டார்கள். கம்ப்ரசர் 3 முதல் 5 குதிரைசக்தி தின்னும். ஏர்கோன் போட்டவுடன் வேக்குவத்தில் இயங்கி மிதிக் கம்பியை லேசாக இழுக்கும் ஐட்ல்-அப் ஒன்று வையுங்கள். 150 சுற்று ஏற்றினால் போதும். அதிகம் ஏற்றினால் டி-யில் வண்டி பிரேக்கைத் தள்ளிக்கொண்டு ஊரும்.

இந்த வண்டிக்கே உரிய ஒரு பழைய வியாதி உண்டு, அதைச் சொல்லாமல் ஏர்கோன் போடச் சொல்ல மாட்டேன். 240இசட்டின் பின் கதவு ரப்பரும் பின் விளக்குகளின் ரப்பரும் காய்ந்துவிட்டால், ஓடும்போது எக்ஸாஸ்ட் புகை உள்ளே இழுக்கப்படும். இதுவரை கண்ணாடியை இறக்கி ஓட்டியதால் பெட்ரோல் வாடையோடு போனது. ஏர்கோன் போட்டுக் கண்ணாடியை மூடியபின் அதே காற்று உள்ளேயே சுற்றும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், அதற்கு வாடை கிடையாது. பின் கதவு ரப்பர், விளக்கு ரப்பர், பின்பக்கத் தகட்டில் உள்ள அடைப்பான்கள், கதவு ரப்பர் எல்லாம் புதிதாக வேண்டும். சரி பார்க்க, பின் கதவு ஓரம் முழுக்க ஒரு ரிங்கிட் நோட்டை வைத்து மூடி இழுங்கள். எங்கே தடையின்றி வருகிறதோ அங்கே இடைவெளி.

சூடு வரும் வழியை அடைப்பதும் பாதி ஏர்கோன்தான். ஆட்டோ பெட்டி மேனுவலைவிடச் சூடானது, உங்கள் முழங்கை பக்கத்து டன்னல் சுடும். உள்ளே 2 மில்லிமீட்டர் பியூட்டில் தகடு, அதன் மேல் 6 மில்லிமீட்டர் மூடு-அணு ஃபோம், வெளியே எக்ஸாஸ்டுக்கு மேலே அலுமினியக் கேடயம். பின்னால் சாய்ந்த பெரிய கண்ணாடி மதியத்தில் அடுப்புதான். 2019 விதிப்படி பின்கண்ணாடியில் எவ்வளவு கறுப்பு ஃபிலிமும் ஒட்டலாம். முன் கண்ணாடி 70 சதவீதம், முன் கதவுக் கண்ணாடி 50 சதவீதம் ஒளியை விட வேண்டும்.

சட்டப் பக்கம்: என்ஜின் மாறாததால் கிரான் எண்கள் அப்படியே இருக்கும். ஆனாலும் வேலை தொடங்கும் முன் ஜேபிஜே மாநில அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸுக்கு எழுத்தில் சொல்லுங்கள். லிவர் மாறிய வண்டியில் விபத்து நடந்து, அதன் பிறகு தெரிவிப்பது வீண் தகராறு. மகளின் டிஏ லைசென்ஸ் ஆட்டோவுக்கு மட்டுமே என்பதால், வேலை முழுவதும் முடியும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.

பட்டறையிடம் மொத்தமாக ஒரு தொகை கேட்காதீர்கள். ரெடியேட்டரும் விசிறியும், மின்சாரம், கியர்பாக்ஸ், ஏர்கோன், ரப்பரும் ஃபிலிமும் என்று ஐந்தாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் இரண்டும் முடிந்து, ஒரு மதியம் என்ஜினை 20 நிமிடம் ஐட்லில் விட்டு வெப்பம் 90-க்கு மேல் ஏறவில்லை என்று பார்த்த பிறகே மூன்றாவதற்குப் பணம் கொடுங்கள். எல்லாம் முடிந்ததும் சோதனை மதியம் 2 மணிக்கு, ஏர்கோன் முழு வேகத்தில், துன் சார்டோன் மலை ஏறி இறங்கி, நேராகப் பாலத்து ஜாமுக்கு. காலையில் மழை பெய்த நாளில் செய்யும் சோதனைக்கு மதிப்பில்லை.

முதல் 500 கிலோமீட்டரில் ஏடிஎஃப், பெல்ட், கம்ப்ரசர் தாங்கியின் போல்ட்டு மூன்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கழற்றும் ஐந்து கியர் பெட்டி, ஃப்ளைவீல், கிளட்ச் பெடல், பழைய ஸ்டார்ட்டர், ரெகுலேட்டர், அம்மீட்டர் எதையும் பட்டறையில் விட்டுவராதீர்கள். கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் இருந்த துளைக்கு வெல்டிங் வேண்டாம், போல்ட்டில் ஒரு தகடு போதும். ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதிக் கட்டி, கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் சுற்றித் தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். கடல் காற்று படும் தீவு, இரும்பை அது சும்மா விடாது.